ஸ்டார்ட் பட்டன் எங்கே போயிற்று?

விண்டோஸ், மேக், லினக்ஸ். மூன்றில் எது சுலபம்? ஒரே கடிதம், மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

டெல்லி நேரு பிளேஸில் முதல் மாடிக் கடை ஒன்று. துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்த சிபியூவை மேஜை மீது வைக்கிறார் 72 வயதுப் பெரியவர். 2015ல் வாங்கியது. இன்றும் ஓடுகிறது. சூடாவதில்லை, சத்தம் போடுவதில்லை. கடைப் பையன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறான். இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்பது அவன் தீர்ப்பு. பெரியவர் திரும்பி என்னைப் பார்க்கிறார். "அப்போ இது செத்துப்போச்சா?"

சாகவில்லை. ஆனால் அநாதையாகிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. தனிநபர்களுக்கென்று அந்த ஆண்டு அறிவித்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் தேவை. 2015ல் வாங்கிய இயந்திரம் அந்த வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

பெரியவர் எங்கள் அடுக்ககத்தின் கீழ் வீட்டுக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊருக்குப் போகும் மனு, பென்ஷன் கடிதம், காதணி விழா அழைப்பிதழ் எல்லாம் அவர் விரல்கள் வழியாகத்தான் போகின்றன. அதில் வரும் சில்லறை வருமானத்தைவிட, வாரம் நாலு பேர் படியேறி வந்து அவரைத் தேடுகிறார்கள் என்பது அவருக்கு முக்கியம். கம்ப்யூட்டரை மாற்றும்போது நின்றுபோகக்கூடியது அதுதான்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. புனேயில் இருக்கும் மகன், ஆப்பிள் மேக் வாங்குங்கள், குழந்தைகூட ஓட்டும் என்கிறார். பெங்களூர் மருமகனுக்கு லினக்ஸ் மீது பக்தி. இருக்கிற இயந்திரத்திலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், இப்போதெல்லாம் ரொம்ப சுலபம் என்கிறார். கடைக்காரர் கட்சி விண்டோஸ். மூவரும் சத்தியம் செய்வது ஒரே வார்த்தையின் பேரில்: சுலபம்.

கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு திரை, விசை, ஃபைல், பிரிண்டர் எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை சாஃப்ட்வேர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் எது சுலபம் என்ற சண்டை நாற்பது வருடமாக நடக்கிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1998ல் வெளியிட்ட 9241-11 என்ற தரநூல் இந்தச் சண்டைக்கு ஒரு வரம்பு கட்டப் பார்த்தது. குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட சூழலில் செய்து முடிக்கிறார்களா, எவ்வளவு பாடுபட்டு முடிக்கிறார்கள், முடித்தபின் மனசு நிறைகிறதா என்று பார்க்கச் சொன்னது அது. அதாவது யாருக்கு, எதற்கு, எங்கே என்று கேட்காமல் சுலபம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. பத்திரிகைகளில் வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. வேகம், விலை, அழகு என்று மார்க் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜை மீது மூன்று கம்ப்யூட்டர்கள். என்னுடைய விண்டோஸ் 11 லேப்டாப். சக ஊழியரிடம் இரவல் வாங்கிய மேக்புக். பெரியவரின் பழைய சிபியூவில், பென் டிரைவிலிருந்தே ஓடும்படி லினக்ஸ் மின்ட். (லினக்ஸில் இது ஒரு நல்ல ஏற்பாடு. உள்ளே நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும்.) வேலை ஒன்றுதான். பென் டிரைவில் இருக்கும் ஒரு தமிழ்க் கடிதத்தைத் தேடித் திறந்து, தேதியை மாற்றி, இரண்டு வரி சேர்த்து, நகல் எடுத்து, அச்சடித்து, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். பரீட்சை எழுதுபவர்கள் பெரியவரும், பத்தாவது படிக்கும் என் மகளும், நானும். மூன்று பேரை வைத்து விஞ்ஞானம் பண்ண முடியாது. ஆனால் கையும் கண்ணும் எங்கே தடுமாறுகின்றன என்று பார்க்க மூன்று பேர் போதும்.

முதலில் விண்டோஸ் 11. பெரியவரின் கை மவுஸைப் பிடித்ததும் ஒரு கணம்கூடத் தயங்காமல் திரையின் இடது கீழ் மூலைக்குப் போகிறது. கால் நூற்றாண்டுப் பழக்கம். அங்கே ஸ்டார்ட் பட்டன் இல்லை. வானிலை இருக்கிறது. அம்பு அதன் மேல் பட்டவுடன் செய்தியும் படமுமாக ஒரு பெரிய பலகை விரிகிறது. "நான் லெட்டரைக் கேட்டா, இது மழை வருமாங்குது" என்கிறார் பெரியவர். ஸ்டார்ட் பட்டன் நகர்ந்து நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆகிறது. இடது பக்கத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுவர செட்டிங்ஸில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி தெரிந்தவர்களுக்கு அது காணாமல் போவதே ஒரு பிரச்சினையில்லை.

அந்தப் பட்டனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. விண்டோஸ் 95 தயாரானபோது நடந்த சோதனைகளைப் பற்றி மைக்ரோசாஃப்டின் கென்ட் சல்லிவன் 1996ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆரம்ப வடிவத்தில் திரையின் அடியில் சிஸ்டம், ஃபைண்ட், ஹெல்ப் என்று மூன்று பட்டன்கள் இருந்தன. புதியவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒரு ஜன்னலைச் சுருக்கி வைத்தால் அது தொலைந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். செய்து பார்ப்பது, ஆட்களை உட்காரவைத்துக் கவனிப்பது, மறுபடி செய்வது என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மூன்று பட்டன்களும் ஒன்றாகி அதன் மேல் 'ஸ்டார்ட்' என்ற சொல் ஏறியது. சுருக்கிய ஜன்னல்கள் கண்ணிலேயே நிற்க டாஸ்க்பார் வந்தது. 1995 ஆகஸ்ட் 24ல் வெளியானபோது, அணைப்பதற்கும் ஸ்டார்ட்டைத்தான் அழுத்த வேண்டுமா என்று உலகமே கேலி செய்தது. கேலி செய்தவர்களும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். தெரியாதவன் பக்கத்தில் நின்று பார்த்துக் கட்டியது அது. அதனால்தான் நிலைத்தது.

அதே கம்பெனி 2012 அக்டோபர் 26ல் வெளியிட்ட விண்டோஸ் 8ல் அந்தப் பட்டனை எடுத்துவிட்டது. விரலால் தொடும் டாப்லெட்டுகள் வந்துவிட்டன, இனி எல்லாம் வண்ணக் கட்டங்கள்தான் என்ற கணக்கு. பயன்பாட்டு எளிமை ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஜேக்கப் நீல்சன், 12 பேரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, புதியவர்களுக்கும் இது உதவவில்லை, கைதேர்ந்தவர்களுக்கும் உதவவில்லை என்று அந்த நவம்பரிலேயே எழுதினார். 2013 அக்டோபரில் 8.1 பதிப்பில் பட்டன் திரும்ப வந்தது. 2015ல் விண்டோஸ் 10ல் பட்டியலும் வந்து சேர்ந்தது. 2021ல் விண்டோஸ் 11ல் அது நடுவுக்கு நகர்ந்தது. வாடகை வீட்டுக்காரர் நாம் ஊருக்குப் போயிருந்தபோது சமையலறையை இடம் மாற்றி வைத்த மாதிரி.

வலது கிளிக் கதையும் அப்படித்தான். ஒரு ஃபைல் மீது வலது கிளிக் செய்தால் கட், காப்பி, பேஸ்ட் என்று வார்த்தைகள் வருவது ஊரறிந்த வழக்கம். விண்டோஸ் 11 வந்தபோது அந்த வார்த்தைகள் போய்ச் சின்னச் சின்னப் படங்கள் மட்டும் மேலே வரிசையாக நின்றன. 2024ல் வந்த திருத்தப் பதிப்பில் படங்களுக்கு அடியில் வார்த்தைகள் திரும்பின. படம் எல்லோருக்கும் புரியும் என்பது படம் வரைபவர்களின் நம்பிக்கை.

அடுத்து மேக். பெரியவர் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, திறப்பதற்காக என்டர் விசையைத் தட்டுகிறார். திறக்கவில்லை. பெயரை மாற்றட்டுமா என்று ஃபைலின் பெயர் நீல நிறத்தில் கேட்டு நிற்கிறது. பதறிப்போய் வேறெதையோ தட்ட, கடிதத்தின் பெயர் 'ஜெ' என்று ஆகிவிடுகிறது. காப்பி செய்யக் கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. மேக்கில் அந்த வேலை கமாண்ட் விசைக்கு. வேலை முடிந்ததென்று மூலையில் இருக்கும் சிவப்புப் புள்ளியைத் தட்டினால் ஜன்னல் மட்டும் மூடுகிறது, புரோகிராம் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ்காரர்களுக்கு ஒரே செயலான இவை இரண்டும் மேக்கில் வெவ்வேறு. பக்கத்தை நகர்த்தினால் அது எதிர்த் திசையில் ஓடுகிறது. 2011ல் லயன் என்ற பதிப்பில் ஆப்பிள் இந்தத் திசையைத் தலைகீழாக்கி, 'இயற்கையானது' என்று அதற்குப் பெயரும் வைத்தது.

இதையெல்லாம் வைத்து மேக் கஷ்டமானது என்று எழுதினால் அநியாயம். மேக்கிலேயே பழகிய ஒருவரை விண்டோஸ் முன் உட்காரவைத்தால் இதே அளவு திண்டாட்டம் எதிர்த் திசையில் நடக்கும். மேக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மெனு பட்டை எப்போதும் திரையின் மேல் விளிம்பிலேயே ஒட்டியிருக்கிறது. மவுஸை வேகமாக மேலே தள்ளினால் அம்பு விளிம்பில் முட்டி நிற்கும், தாண்டிப் போகாது. குறி பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954ல் கண்ட விதியின்படி, விளிம்பில் இருக்கும் பட்டை கைக்கு மிகப் பெரிய குறி. அதோடு ஒழுங்கு. ஒரு புரோகிராமில் செட்டிங்ஸைத் திறக்கிற விசைதான் மற்ற புரோகிராம்களிலும். 1984 முதல் ஆப்பிள் இந்த ஒழுங்கைச் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களிடம் வற்புறுத்தி வந்திருக்கிறது. ஒரு முறை கற்றால் பத்து இடத்தில் பயன்படும். ஆனால் அந்த ஒரு முறை கற்றாக வேண்டும்.

மேக் திட்டத்தைத் தொடங்கிவைத்தவரான ஜெஃப் ராஸ்கினே 1994ல் ஒரு சிறு கட்டுரையில் இதைப் போட்டு உடைத்தார். 'பார்த்தவுடன் தானாகவே புரிகிறது' என்று நாம் சொல்வதெல்லாம் 'ஏற்கெனவே பழகியது போலிருக்கிறது' என்பதற்கு மறுபெயர்தான் என்பது அவர் வாதம். அது மெய்யானால், மேம்படுத்துகிறவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. பழையதைவிட நல்லதாக ஒன்றைச் செய்தால் அது பழையது போல் இருக்காது, ஆகவே முதல் நாளில் கஷ்டமாகத்தான் தெரியும். எந்த மாற்றம் அந்த முதல் நாள் கஷ்டத்துக்கு ஈடு செய்கிறது, எது வெறும் புதுப் பெயின்ட் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லா ஒப்பீடும் இருக்கிறது.

மூன்றாவது, லினக்ஸ். இங்கே ஒரு வேடிக்கை. பழைய சிபியூவைப் போட்டதும் இடது கீழ் மூலையில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் பட்டியல், அடியில் டாஸ்க்பார். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் கம்ப்யூட்டர் ரிப்பேராகி வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு கடிதத்தைத் திறந்து தேதியை மாற்றுகிறார். பழைய விண்டோஸின் பழக்கத்தை விண்டோஸ் 11ஐவிட அதிகமாகக் காப்பாற்றி வைத்திருப்பது லினக்ஸ் மின்ட்.

இது தற்செயல் இல்லை. லினக்ஸ் உலகத்திலும் பழக்கத்தை உடைத்த கலகம் நடந்திருக்கிறது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 என்ற திரையமைப்பில் அடிப் பட்டை போயிற்று, ஜன்னலைச் சுருக்கும் பட்டனும் கண்ணிலிருந்து மறைந்தது. லினக்ஸின் பிதாமகர் லினஸ் டோர்வால்ட்ஸே பகிரங்கமாகத் திட்டிவிட்டு வேறொரு திரையமைப்புக்குக் குடிபோனார். பிற்பாடு திரும்பியும் வந்தார். அந்தக் கலகத்தின்போது, பழைய முறையே எங்களுக்குப் போதும் என்றவர்களுக்காக மின்ட் குழு உருவாக்கியதுதான் இன்றைய சின்னமன் திரை. விண்டோஸ் 8ன்போது எல்லோரும் அழுது காத்திருந்தார்கள். லினக்ஸில் அழுதவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். பெரியவருக்குப் பலன் கிடைப்பது இந்தச் சுதந்திரத்தால்தான். புதியவர்கள் தலைசுற்றி நிற்பதும் இதனால்தான். எந்த லினக்ஸ் என்று கேட்டால் நூறு பெயர் சொல்வார்கள்.

மற்றபடி லினக்ஸின் மானம் பிரிண்டரில் போயிற்று. பெரியவரிடம் இருப்பது இந்திய அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் மூலைக்கு மூலை காணும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர். விண்டோஸில் ஓடியது. லினக்ஸ் அதை அடையாளம் கண்டுகொண்டு, அச்சடிக்கிறேன் என்று சொல்லி, ஒரு தாளும் வெளியே தள்ளவில்லை. மாலை நாலு மணிக்குத் தொடங்கி ஏழு மணி வரை கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினேன். நடுவில் ஒரு கட்டளையைக் காப்பி செய்யக் கன்ட்ரோல் சி-யை அழுத்தினேன். அந்தக் கறுப்புத் திரையில் அதற்கு 'ஓடுகிற வேலையை நிறுத்து' என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருந்தது நின்றது. ஒரே இரண்டு விசை. மேக்கில் ஒன்றும் செய்யாது, விண்டோஸில் நகலெடுக்கும், இங்கே கழுத்தைத் திருகும். பிரிண்டர் கடைசி வரை அசையவில்லை. பெரும்பாலான பிரிண்டர்கள் இப்போது லினக்ஸில் தானாகவே ஓடுகின்றன என்பது உண்மை. நம் வீட்டில் இருப்பது அந்தப் பெரும்பான்மையில் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

சுலபத்தை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, தவறு செய்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. பெரியவர் தன் கடிதங்களையெல்லாம் பென் டிரைவில்தான் வைத்திருக்கிறார். நகல் ஒன்றை வைத்து வேண்டுமென்றே அழித்துப் பார்த்தேன். விண்டோஸ் ஒரு முறை எச்சரிக்கும். ஆம் என்றால் பென் டிரைவில் இருந்தது போனது போனதுதான், ரீசைக்கிள் பின்னுக்கு அது வருவதில்லை. மேக்கிலும் லினக்ஸ் மின்டிலும் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகிறது, திரும்ப எடுக்கலாம். ஆனால் அந்தத் தொட்டி பென் டிரைவுக்குள்ளேயே மறைந்திருப்பதால், எல்லாவற்றையும் அழித்த பிறகும் இடமில்லை என்று அது முரண்டு பிடிக்கும். எச்சரிக்கை கேட்டவுடன் ஆம் என்று தட்டுவது மனித சுபாவம். படித்துப் பார்த்துத் தட்டுபவர்களை நான் கண்டதில்லை, நானும் அப்படியில்லை. ஆகவே இந்த விஷயத்தில் என் ஓட்டு குப்பைத் தொட்டிக்கு.

ஆங்கிலத்தில் வரும் ஒப்பீடுகள் கண்டுகொள்ளாத ஒரு சங்கதி தமிழில் எழுதுகிறவனுக்கு எல்லாவற்றிலும் பெரியது. நாம் ஒரே கீபோர்டில் இரண்டு மொழி வாசிக்கிறோம். மொழிபெயர்ப்பவனாக நாளுக்கு நூறு தடவை நான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுகிறேன். விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். மேக்கில் கன்ட்ரோலும் ஸ்பேஸும். லினக்ஸில் சூப்பர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்று சொல்வது திரை ஓரத்தில் கடுகளவு ஓர் அடையாளம். தலையைக் குனிந்து ஒரு வரி தட்டிவிட்டு நிமிர்ந்தால் 'அகஷ்டபஃ' என்று ஏதோ ஒன்று நிற்கும். கட், காப்பி, பேஸ்டை உலகுக்குத் தந்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், 2020ல் இறக்கும் வரை ஒரே கொள்கையைப் பிரசாரம் செய்தார்: ஒரே விசை நேரத்துக்கு ஒரு அர்த்தம் தரக்கூடாது. அவருடைய கார் நம்பர் பிளேட்டிலேயே அந்தக் கொள்கைதான் இருந்தது. இந்திய மொழிகளில் தட்டுகிற அத்தனை பேரும் அவர் ஒழிக்க நினைத்த அந்தத் தொல்லைக்குள்ளேயே ஆயுள் முழுக்கக் குடியிருக்கிறோம். எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் இதற்கு நல்ல விடை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

விசைப்பலகை எது என்பது அடுத்த சிக்கல். பெரியவருக்குத் தெரிந்தது பழைய டைப்ரைட்டர் முறை. எனக்கு 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99. என் மகளுக்கு ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழ் வர வேண்டும். விண்டோஸில் வெகு காலம் உள்ளேயே இருந்தது இன்ஸ்கிரிப்ட் முறைதான். மற்றவற்றுக்குத் தமிழர்களே எழுதிய எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசச் சாஃப்ட்வேர்களைத் தனியே போட்டுக்கொண்டோம். மேக்கில் அஞ்சலும் தமிழ் 99ம் கம்ப்யூட்டருடனே வருகின்றன. லினக்ஸில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, டைப்ரைட்டர், ஒலிமுறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே பட்டியலில் கிடைக்கும். சேர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். நான் சேர்த்துக் கொடுத்தபின் பெரியவரின் பத்து விரலும் கீபோர்டில் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே. மழை பிடித்த மாதிரி. மேக்கில் ஒரு வரி தட்டத் தடவிக்கொண்டிருந்த அதே மனிதர். பேக்ஸ்பேஸ் மட்டும் அவரை எரிச்சலூட்டியது. டைப்ரைட்டரில் ஒரு எழுத்து ஒரு எழுத்துதான். இங்கே 'கொ'வை அழித்தால் ஒரு இடத்தில் கொம்பும் காலும் போய்க் 'க' மிச்சமிருக்கிறது, இன்னொரு இடத்தில் முழுசாகப் போகிறது.

மெனுக்களையும் தமிழில் போட்டுவிட்டால் சுலபமாகிவிடுமே என்று தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் ஆசை இருந்தது. போட்டுப் பார்த்தேன். எடிட் என்பது ஒரு புரோகிராமில் 'தொகு', இன்னொன்றில் 'திருத்து'. இரண்டுமே பிழையில்லாத தமிழ். ஆனால் கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றது. அரை மணியில் ஆங்கிலத்துக்குத் திரும்பினேன், சற்று வெட்கத்துடன். முதல் நாளிலிருந்தே தமிழ் மெனுவில் பழகிய குழந்தைக்கு இந்தத் தடுமாற்றம் இருக்காது. அப்படிப் பழக நாம் விட்டதில்லை.

என் மகளின் பரீட்சை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஸ்டார்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மூன்று கம்ப்யூட்டரிலும் தேடும் பெட்டியைத் திறந்தாள், பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டினாள், கடிதம் வந்தது. ஆனால் அந்தக் கடிதம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, நகல் எங்கே போயிற்று என்று கேட்டால், "அதான் இருக்கே" என்பதற்கு மேல் பதில் இல்லை. அவளுடைய முதல் ஆபரேட்டிங் சிஸ்டம் ஆண்ட்ராய்டு போன். அதில் ஃபைல் என்ற ஒன்றை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளிலும் மாணவர்களுக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்றே விளக்க வேண்டியிருக்கிறது என்று 2021லேயே பேராசிரியர்கள் புலம்பியது செய்தியாக வந்தது. எங்கள் மேஜையில் பெரியவருக்கு இடம் தெரியும், தேடத் தெரியாது. இவளுக்குத் தேடத் தெரியும், இடம் தெரியாது.

வீட்டில் ஒருவர் மாறுவதே இப்படியென்றால் ஓர் ஊரே மாறினால் என்ன ஆகும்? இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகம் 2003ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்தாண்டுகளில் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியது. 2017ல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. ஊழியர்களின் அதிருப்தி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அரசியலும் நிர்வாகக் குளறுபடியும் காரணம் என்றவர்களும் உண்டு. கேரளத்தில் நடந்தது வேறு. 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றி, ஆசிரியர்களுக்கு ஊர் ஊராகப் பயிற்சி தந்தது. 2019 வாக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அது ஓடியது. லினக்ஸ் கஷ்டம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. அவர்களுக்கு மறப்பதற்கு வேறு பழக்கம் எதுவும் இருக்கவில்லை. மியூனிக்கின் குமாஸ்தாக்களுக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே இயந்திரத்தில் வைத்துத் தரப்பட்டன. எது வேண்டும் என்று மாணவனே தேர்ந்தெடுக்கலாம். கற்றுத்தர ஆளில்லாத இடத்தில் தேர்வு எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

இரவு எட்டு மணிக்குப் பெரியவரிடம் என் தீர்ப்பைச் சொன்னேன். புதிதாகத் தொடங்குபவராகவும் பணம் இருப்பவராகவும் இருந்தால் மேக் வாங்கச் சொல்வேன். அலுவலகக் கணக்கு, வங்கிச் சாஃப்ட்வேர் என்று மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டியவருக்கு விண்டோஸ்தான், முணுமுணுத்துக்கொண்டாவது. உங்களுக்கு இந்தப் பழைய சிபியூவும் லினக்ஸும் போதும் சார், பிரிண்டுக்கு மட்டும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய கவலை வேறாக இருந்தது. "நீங்க வீடு மாத்திக்கிட்டுப் போயிட்டா இதை யார் பார்ப்பா?" என்று கேட்டார். என்னிடம் அதற்குப் பதிலில்லை. லினக்ஸ் தெரிந்த ரிப்பேர்காரரை நேரு பிளேஸில் தேடினால் கிடைப்பார். விண்டோஸ் தெரிந்தவர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்.

ஆனாலும் ஒத்துக்கொண்டார். மறுநாள் சிபியூவில் லினக்ஸை நிறுவி அவர் வீட்டு மேஜையில் வைத்தபோது மானிட்டரின் ஓரத்தில் பழுப்பேறிய ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். மொழி மாற்ற ஆல்ட்டும் ஷிஃப்டும் என்று எப்போதோ எழுதி வைத்தது. பெரியவர் இன்னொரு சீட்டைக் கிழித்து, சூப்பர், ஸ்பேஸ் என்று எழுதி, பழையதை எடுக்காமல் அதன் அடியிலேயே ஒட்டினார். அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் பென்ஷன் காகிதங்களுடன் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.